வாகைகுளத்தில் இறங்கிய பிறகு

தூத்துக்குடி விமான நிலையம் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் விமானம் இறங்குவது வாகைகுளத்தில். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஓடும் நான்கு வழிச்சாலையை ஒட்டிய ஊர் அது. தூத்துக்குடி நகரத்திற்கு அங்கிருந்து 15 முதல் 20 கிலோமீட்டர். எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். திருநெல்வேலிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெயர் ஒரு ஊருக்கு இருந்தாலும் விமானத்தில் வருகிற கூட்டம் இரண்டு ஊருக்கும் பிரிகிறது. தென்காசி, அம்பாசமுத்திரம், திருச்செந்தூர், கோவில்பட்டி போகிறவர்களும் அந்த வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

பாளையங்கோட்டை என் பிறந்த வீடு, தூத்துக்குடி புகுந்த வீடு. வேலை சென்னையில். அதனால் அந்த வாசலிலிருந்து மேற்கேயும் போயிருக்கிறேன், கிழக்கேயும் போயிருக்கிறேன். காரில், பேருந்தில், முன்பின் தெரியாதவர்களோடு வாடகையைப் பங்குபோட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்கிற அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு என்று எல்லா விதத்திலும் போயிருக்கிறேன். முதல் முறையாக அங்கே வந்து இறங்குகிறவர்கள் முகத்தில் ஒரு திகைப்பைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னை, பெங்களூரு போன்ற நிலையங்களில் பழகியவர்களுக்கு, வெளியே வந்தவுடன் ஏதாவது ஒரு வண்டி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கும். சிறிய நிலையத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஊருக்குள் போகிற ஏற்பாட்டைச் சென்னையில் விமானம் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இதைத்தான் யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

காரணம் எளிது. பெரிய விமான நிலையத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு விமானத்தின் கூட்டம் கலைவதற்குள் அடுத்த விமானத்தின் கூட்டம் வந்துவிடும். வாடகைக் காரும் ஆட்டோவும் நாள் முழுவதும் அங்கேயே நிற்பதற்கு வருமானம் இருக்கிறது. வாகைகுளத்தில் ஒரு விமானத்திற்கும் அடுத்த விமானத்திற்கும் இடையே நீண்ட இடைவெளி. வண்டிகள் விமான நேரத்தைப் பார்த்து வருகின்றன, விமானக் கூட்டத்தோடு கிளம்பிவிடுகின்றன. பெட்டிக்காகவோ கழிப்பறைக்காகவோ கொஞ்சம் தாமதித்து வெளியே வருகிறவர், வாசலில் இரண்டு மூன்று கார்கள் மட்டும் நிற்பதையும், அவையும் யாருக்காகவோ காத்திருப்பதையும் பார்ப்பார். செல்போன் செயலியில் கார் தேடினால், திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருக்கிற ஓட்டுநர் அங்கிருந்து கிளம்பி வர வேண்டும். வருவதாக ஏற்றுக்கொண்டு பாதியில் ரத்து செய்துவிடுவதும் உண்டு. அவரைக் குறை சொல்லவும் முடியாது. 30 கிலோமீட்டர் காலி வண்டியாக வருவதற்கான டீசலை யார் தருவார்கள்?

இங்கேதான் சிறிய நிலையத்திற்கே உரிய ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. நாம் வந்து இறங்குகிற அதே விமானம் அரை மணி நேரத்திற்குள் ஆள் ஏற்றிக்கொண்டு சென்னைக்குத் திரும்பிவிடுகிறது. இறங்குகிறவர்கள் அறுபது எழுபது பேர் என்றால், ஏறக் காத்திருப்பவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட கார்கள் நாம் இறங்குவதற்குச் சற்று முன்பே வந்திருக்கும். அந்த ஓட்டுநர்கள் ஊருக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். வாடகை பேசும்போது போக வர இரண்டு வழிக்கும் கிலோமீட்டர் கணக்குப் போடுவது அங்கே வழக்கம் என்பதால், திரும்பும் வழிக்கு ஒரு சவாரி கிடைத்தால் அவருக்கும் லாபம், நமக்கும் வாடகை குறையும். ஆனால் முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் அவர் நெடுநேரம் காத்திருக்க மாட்டார்.

ஆகவே கார் பேசுவதென்றால் முந்தின நாளே பேசிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே தொலைபேசியில் கேட்பது வாடகையைப் பற்றி அல்ல. "நாளைக்கு அந்த விமானத்திற்கு யாரையாவது கொண்டுவிடப் போகிறீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. யாராவது ஒருவர் போகிறவராக இருப்பார். அவர் இல்லையென்றால், "பெருமாள்புரத்திலிருந்து ஒரு வண்டி போகிறது, அக்கா. எண் தருகிறேன்" என்று இன்னொருவரைக் காட்டிவிடுவார்கள். இப்படி ஏற்பாடான வண்டிக்கும், வாசலில் வந்து நின்று பேசுகிற வண்டிக்கும் வாடகையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

பேசும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். ஒன்று, சுங்கக் கட்டணம். வாகைகுளத்திலேயே சுங்கச்சாவடி இருப்பதால் அந்தத் தொகை வாடகைக்குள் அடங்குமா, தனியா என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். இரண்டாவது, விமான நிலையத்தில் வண்டி நிறுத்தும் கட்டணம். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை: விமானம் தாமதமானால் காத்திருப்புக்கு என்ன கணக்கு? விமானம் கிளம்புவதற்கு முன், இருக்கையில் அமர்ந்ததும், "ஏறிவிட்டேன்" என்று ஓட்டுநருக்கு ஒரு செய்தி அனுப்புவது என் வழக்கம். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்புவார். சென்னையிலேயே தாமதமானால் அவர் அங்கே வந்து கட்டணம் கொடுத்து நிறுத்திக் காத்திருக்க வேண்டியதில்லை, நாமும் காத்திருப்புப் பணம் தர வேண்டியதில்லை.

விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72 என்கிற, இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சிறிய விமானம். 78 இருக்கைகள் கொண்டது. பயணிகள் ஏறி இறங்கும் கதவு அதில் பின்பக்கம் இருக்கிறது. பெரிய விமானத்தில் முன்வரிசைக்கு முந்திக்கொள்கிற பழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும், பின்வரிசையில் இருப்பவர்தான் முதலில் தரையில் கால் வைப்பார். கைப்பெட்டி மட்டும் கொண்டுவருகிறவர் கடைசி வரிசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கூட்டத்திற்கு முன்பே வாசலுக்கு வந்து காரைப் பிடித்துவிடலாம். தலைக்கு மேல் உள்ள பெட்டி வைக்கும் இடம் சிறியது. சக்கரம் வைத்த பருத்த பெட்டி அதற்குள் நுழையாது. அதை விமானத்தின் அருகிலேயே வாங்கிச் சரக்குப் பகுதியில் போட்டுவிடுவார்கள். பிறகு அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

அம்மாவோடு வரும்போது இந்தக் கணக்கே வேறு. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுகிறேன். படி குறைவுதான் என்றாலும், கைப்பிடி அசைகிற அந்த ஏணிப்படியில் இறங்க அம்மாவுக்குப் பயம். எல்லோரும் இறங்கிய பிறகு ஊழியர்கள் சாய்தளத்தைப் பொருத்தி நிதானமாக அழைத்துச் செல்வார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டிருக்கும், வாசலில் வண்டியும் இருக்காது. முதியவரோடு வருகிறவர்கள் வாசலில் பேசிக்கொள்ளலாம் என்று ஒருபோதும் விடக்கூடாது. நம் பெயரில் பேசிவைத்த வண்டி காத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படிப் பேசிவைத்த ஓட்டுநர் முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, காலை நீட்டுகிற அளவுக்கு இடம் செய்துவைத்திருந்தார். "ஆச்சி, மெதுவாக. அவசரமே இல்லை" என்று அவர் சொன்னதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாடகை பேசும்போதே "கூட வருகிறவருக்கு முழங்கால் வலி" என்று சொல்லிவைத்ததன் பலன் அது.

தனியாக வருகிறவர்களுக்கு இன்னொரு வழி, காரைப் பங்குபோட்டுக்கொள்வது. இதற்குச் சரியான இடம் வாகைகுளம் அல்ல, சென்னையில் விமானத்திற்கு வரிசையில் நிற்கிற இடம். எழுபது பேர்தான். அதில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்களாக இருப்பார்கள். "நீங்கள் திருநெல்வேலியா, தூத்துக்குடியா?" என்று கேட்டால் முகம் சுளிக்கிறவர் யாரும் இல்லை. மருத்துவக் கல்லூரி மாணவிகள், துறைமுகத்திற்கு வேலையாக வருகிற அதிகாரிகள், சதக்கத்துல்லா அப்பா கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குப் போகிற ஒரு பெண் என்று பலரோடு நான் போயிருக்கிறேன். வாடகையை இறங்கும் இடத்தின் தூரத்தை வைத்துப் பிரிப்பதா, ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதா என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இரவு நேரத்தில் தனியாக வருகிற பெண்கள், கூட வருகிறவர் ஒரு பெண்ணாகவோ குடும்பமாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதை அனுப்பியதையும் ஓட்டுநர் காதில் விழும்படி தொலைபேசியில் சொல்லிவிடுவேன். நல்ல ஓட்டுநர்கள் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

இனி பேருந்து. இதைப் பற்றித்தான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். விமானத்தில் வந்துவிட்டுப் பேருந்தா என்ற கூச்சம் சிலருக்கு இருக்கிறது. அந்தக் கூச்சத்திற்கு ஒரு நியாயமும் இல்லை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. பகலில் கைப்பையோடு வருகிற ஒருவருக்கு அதைவிட மலிவான வழி கிடையாது. கார் வாடகையில் ஒரு சிறு பகுதிதான் பேருந்துக் கட்டணம். ஆனால் மூன்று நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பேருந்து கட்டிடத்தின் வாசலுக்கு வராது, நெடுஞ்சாலையில்தான் போகும். முனையத்திலிருந்து சாலைவரை நடக்க வேண்டும். வெயிலில், பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு, அது பெரும்பாடு. ஆடி மாதக் காற்று வீசும்போது செம்மண் புழுதி கண்ணைத் திறக்க விடாது. சாலையோரத்தில் சீமைக்கருவேலத்தின் அரைகுறை நிழல்தான் இருக்கும். குடை, கண்ணாடி, ஒரு பாட்டில் தண்ணீர் இல்லாமல் நான் அந்த நடையைத் தொடங்குவதில்லை.

இரண்டாவது, எந்தப் பக்கம் நிற்பது. நான்கு வழிச்சாலை, நடுவில் தடுப்பு. இரண்டு ஊர்களில் ஒன்றுக்குப் போகிறவர் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றிப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலை அது. அவற்றின் வேகத்தைத் தூரத்தில் பார்த்து மதிப்பிடுவது கடினம். தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறவர்களைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யக்கூடாது. வாசலில் நிற்கும் காவலரிடம் "தூத்துக்குடி பேருந்துக்கு எங்கே கடப்பது?" என்று கேட்டால் திறப்பு இருக்கும் இடத்தைக் காட்டுவார். பெட்டி இரண்டு என்றாலோ, குழந்தை கையில் இருந்தாலோ, இருட்டிவிட்டாலோ பேருந்து எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அந்த வேளையில் மிச்சமாகிற பணத்தைவிட உயிர் பெரிது.

மூன்றாவது, எந்தப் பேருந்து நிற்கும். கண்ணாடியில் "இடைநில்லா" என்று எழுதிய பேருந்து, பெயருக்கு ஏற்றபடி நடுவில் நிற்காமல் போய்விடும். அதைப் பார்த்துக் கை காட்டிக் களைத்துப்போய், "இந்தச் சாலையில் எந்தப் பேருந்தும் நிற்காது" என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் பலர். வல்லநாடு, தெய்வச்செயல்புரம், புதுக்கோட்டை என்று நின்று நின்று போகிற சாதாரணப் பேருந்துதான் நமக்கானது. ஏறியதும் நடத்துநரிடம் இறங்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை என்றால் இங்கே தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்துக் குழம்பிய வெளியூர்க்காரர் ஒருவருக்கு நான் விளக்கிச் சொன்னது உண்டு.

எங்கே இறங்குவது என்பதில்தான் நேரமும் பணமும் மிச்சமாகின்றன. மேற்கே போகிற பேருந்து வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடந்து, கே.டி.சி. நகர் வழியாகப் பாளையங்கோட்டைக்குள் நுழைகிறது. பாளையங்கோட்டைக்காரர்கள் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. கே.டி.சி. நகரிலோ பாளை பேருந்து நிலையத்திலோ இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். நாகர்கோவில், தென்காசிப் பக்கம் தொடர்ந்து போகிறவர்கள் புதிய பேருந்து நிலையம்வரை டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. கிழக்கே போகிற பேருந்து கோரம்பள்ளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைக் கடந்து, மூன்றாம் மைல் வழியாக நகருக்குள் போகும். ஆட்சியர் அலுவலகத்தில் வேலை இருப்பவர் கோரம்பள்ளத்திலேயே இறங்கிவிடலாம். துறைமுகம், முத்தையாபுரம், ஸ்பிக் நகர் போகிறவர்கள் காரில் வந்தால், ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நகருக்குள் நுழையாமல் துறைமுகச் சாலை வழியாகவே போய்விடலாம். நகருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்டி வெளியே வந்தால் அரை மணி நேரம் வீணாகும்.

திருச்செந்தூர் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பெரும்பாலானவர்கள் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்குப் புதுக்கோட்டையிலிருந்து சாயர்புரம், ஏரல் வழியாக ஒரு பாதை இருக்கிறது. வாழைத் தோட்டங்களும் வயலும் நிறைந்த தாமிரபரணிக் கரைப் பாதை. எனக்கு மிகவும் பிடித்த பாதையும் அதுதான். ஆனால் அது ஆற்றங்கரைப் பாதை என்பதை மறக்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஏரல் பாலம் அந்த வெள்ளத்தில் சேதமடைந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றது. திருநெல்வேலி தூத்துக்குடி சாலையிலும் போக்குவரத்து அற்றுப்போனது, விமானங்கள் ரத்தாயின. அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஊருக்கு வருவதென்றால், விமானம் நேரத்திற்குக் கிளம்புகிறதா என்று பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. வல்லநாட்டுப் பாலத்தில் போக்குவரத்து எப்படி இருக்கிறது, சாலையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஓட்டுநரிடம் காலையிலேயே கேட்டுவிடுகிறேன். வல்லநாட்டுப் பாலத்தில் பழுதுபார்ப்பு நடக்கும் காலங்களில் ஒரு பக்கத்தை மூடிவிட்டு, போகிற வண்டி வருகிற வண்டி எல்லாவற்றையும் மறுபக்கத்திலேயே விடுவார்கள். அப்போது பாளையங்கோட்டைக்கு முக்கால் மணி நேரம் என்ற கணக்கு தவறிவிடும்.

மழையிலும் பனிமூட்டத்திலும் விமானம் வாகைகுளத்தில் இறங்காமல் மதுரைக்குத் திருப்பிவிடப்படுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் முதல் வேலை, வாகைகுளத்தில் காத்திருக்கும் ஓட்டுநருக்குத் தகவல் சொல்வது. அடுத்த வேலை, விமான நிறுவனத்தின் ஊழியர் சொல்வதை இறுதிவரை கேட்பது. அதே விமானம் சற்று நேரத்தில் மறுபடி கிளம்பப் போகிறதா, நிறுவனமே சாலை வழியாக அழைத்துப் போகிறதா என்று தெரிவதற்கு முன்பே பதறிப்போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினால், அதன் பிறகு நம் செலவு நம்முடையதாகிவிடும். மதுரையிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தனிக் கார் என்றால் செலவு கையைக் கடித்துவிடும். நான்கு பேர் சேர்ந்தால் தாங்கலாம்.

கூட்டமான நாட்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கல், தீபாவளி எல்லா ஊருக்கும் பொதுவானவை. தூத்துக்குடிக்கு என்று தனியாகப் பனிமய மாதா திருவிழா இருக்கிறது. ஜூலை 26 அன்று கொடியேறி, ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா. அந்த நாட்களில் நகரத்தில் கார் கிடைப்பதே அரிது, பேராலயத்தைச் சுற்றிய தெருக்களில் போக்குவரத்தையும் மாற்றிவிடுவார்கள். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டி என்று அடுத்தடுத்து வரும். வேடமணிந்த தசரா பக்தர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் எல்லாம் குலசைப் பக்கம் போய்விடும். அந்த வாரங்களில் ஒரு வாரம் முன்பே வண்டியைப் பேசிவிடுகிறோம்.

நிலையம் வளர்ந்துகொண்டிருக்கிறது, அது பெரிய மகிழ்ச்சி. 2006இல் ஏர் டெக்கான் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியபோது, ஓடுபாதை 1,350 மீட்டர்தான். இப்போது அது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் 17,340 சதுர மீட்டர் பரப்பு. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் திறனோடு, சுமார் 450 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டது. பழைய கட்டிடத்தில் பெட்டிக்காக ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால், இன்றைய விசாலம் மனத்திற்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நான் பயணம் செய்த வேளைகளில், விமானத்தை எதிர்பார்த்து முனையத்தின் வாசலில் நிற்கிற ஒரு அரசுப் பேருந்தை நான் பார்த்ததில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். விமானம் வரும் நேரம் முன்கூட்டியே தெரியும், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் தெரியும். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு சிற்றுந்துகள் விமான நேரத்திற்கு வந்து நின்றால் மாணவர்கள், முதியவர்கள், நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் எத்தனை பேருக்கு உதவும்! திருநெல்வேலி தூத்துக்குடி தடத்தில் ஓடும் சாதாரணப் பேருந்துகளில் சிலவற்றை முனையத்திற்குள் வந்து போகும்படி செய்தாலும் போதும். அந்த வெயில் நடையும் சாலையைக் கடக்கும் ஆபத்தும் ஒழிந்துவிடும். கோடிகள் செலவழித்துக் கட்டிய வாசலுக்கு ஒரு பேருந்து வருவது அதிகப்படியான ஆசை என்று நான் நினைக்கவில்லை. பயணிகள் நாம் ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகக் கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் நடக்கும், கோரம்பள்ளம் வழியில்தான் இருக்கிறது.

திரும்பிப் போகும் பயணத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள். பெட்டி ஒப்படைக்கிற கவுன்ட்டர் பெரும்பாலும் விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். சிறிய நிலையம்தானே, கொஞ்சம் பொறுப்பார்கள் என்று எண்ண வேண்டாம், மூடினால் மூடியதுதான். அந்த விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம், அதில் இடமும் இருக்காது. பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போது விமான நேரத்திற்கு இரண்டரை மணி நேரம் முன்பு வீட்டுப் படி இறங்கிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து என்றால் இரண்டு மணி நேரம் போதும். இடைநில்லாப் பேருந்தில் ஏறிவிட்டு "வாகைகுளத்தில் இறக்கிவிடுங்கள்" என்று கேட்டால் நடத்துநர் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏறும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். விமானம் பிடிக்கப் போகிற அன்று நான் பேருந்தில் போவதில்லை, காரில்தான் போகிறேன். அந்த ஓட்டுநரிடம் இறங்கும் முன் நானாகவே சொல்கிறேன்: "இறங்கப் போகிற விமானத்தில் பாளைக்கு ஆள் இருக்கும், கொஞ்சம் நின்று பாருங்கள்." எனக்கு வாடகையில் குறைத்துக்கொடுத்த அந்த முறை வேறு ஒருவருக்கும் பயன்படட்டும்.